பின்வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி காலையில் தோராஜிக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. ஓடையில் வழுக்கி விழுந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும். அவன் விழுந்தது தன் வீட்டுக் கோழிக்கூட்டின் படியிலிருந்து.

மத்தியானம் ஜின்பெய் மீன் நிறைந்த பறிக்கூடையோடு அவன் வீட்டுக்குப் போனபோது, தோராஜி கணுக்காலில் பச்சிலைப் பற்றுப் போட்டுக்கொண்டு, நடுக்கூடத்துக் கணப்படுப்பின் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"கோழி தள்ளிவிட்டுடிச்சா?"

"சிரிடா, சிரி. இன்னிக்கு மீனை நீதான் விடுதிக்குக் கொண்டு போகணும். அப்புறம் யார் சிரிக்கிறாங்கன்னு பாக்கறேன்."

ஜின்பெய்யின் சிரிப்பு அதோடு நின்றது. "உன் பொண்டாட்டிகிட்ட குடுத்தனுப்பு."

"அவ அறுப்புக்குப் போயிட்டா. பொழுது சாஞ்சுதான் வருவா."

"எனக்கு முட்டி வலி."

"ஒபுகா ஓடையில மூணு அருவி ஏறி இறங்கிட்டு வரே. அங்கெல்லாம் வலிக்காத முட்டி, சமதரையில இருக்கிற விடுதிக்குப் போகத்தான் வலிக்குதா? ஜூன் மாசத்துலேருந்து இதே பாட்டு. ஏதோ கொண்டு போறவன் நான் ஒருத்தன் இருக்கேனேன்னு நானும் கேக்காம இருந்தேன்." தோராஜி பற்றை அழுத்திவிட்டுக்கொண்டே சொன்னான். "அது மட்டுமில்ல. மசுனோம்மா நாளன்னிக்குக் காலை பஸ்ல நவோயெட்சுக்குப் போகுது. மூட்டை முடிச்செல்லாம் கட்டியாச்சாம். பத்து வருஷம் நம்ம மீனைச் சுட்டுப் போட்ட கைடா. ‘போயிட்டு வாங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூட உனக்கு முட்டி விடாதா?"

ஜின்பெய் பறியின் மேல் போர்த்தியிருந்த இலைகளைச் சரிசெய்தான். சரியாக இருந்ததையே மறுபடியும் சரிசெய்தான். அவள் போய்விடுவாள் என்று ஜூன் மாதத்திலிருந்தே அவன் எதிர்பார்த்திருந்தான். தேதி மட்டும் தெரியாமல் இருந்தது. தேதி தெரியாதவரைக்கும் அது மழைக்காலம் மாதிரி, வரும் வரும் என்று வராமலே இருந்தது.

அவனுக்கு வயது நாற்பத்தைந்து. போருக்குப் போய்த் திரும்பி வந்தபோது அம்மா இல்லை. கல்யாணத்துக்குப் பேசிவைத்திருந்த பெண் வேறு பள்ளத்தாக்கில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகியிருந்தாள். பனிக்காலத்தில் கரி சுடுவது, மற்ற காலத்தில் வெந்நீர் ஊற்று விடுதிக்கு இவானா மீன் பிடித்துக் கொடுப்பது என்று அவன் வாழ்க்கை ஒரு ஒழுங்குக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆறரை முழ மூங்கில் கழி, குதிரைவால் முடியில் முறுக்கிய நூல், நுனியில் சேவல் இறகு சுற்றிய ஒரு முள். இரை கிடையாது, மிதவை கிடையாது. இறகைப் பூச்சியென்று நம்பி மீன் எழும்பவேண்டும். எழும்பிய மீன் அது பொய்யென்று துப்புவதற்குள் மணிக்கட்டைத் திருப்பவேண்டும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கண்ணிமைப்பு. அந்தக் கண்ணிமைப்பில் அவன் தவறியதில்லை. மனிதர்கள் விஷயத்தில்தான் அவனுக்கு எல்லாமே தாமதம்.

நானமாகிப் பள்ளத்தாக்கில் பதினொரு ஓடைகள். அவற்றை நம்பிப் பிழைக்கிற மீன்காரர்கள் ஐந்து பேர். இவானா தண்ணீர் வருகிற திசையைப் பார்த்தபடி நிற்கிற மீன். அதனால் கீழேயிருந்து, அதன் முதுகுப் பக்கமாக, மேல்நோக்கி ஏறிக்கொண்டே பிடிக்கவேண்டும். ஒருவன் ஏறிப்போன ஓடையில் அன்றைக்கு இன்னொருவன் ஏறினால் மிரண்ட மீன்தான் மிஞ்சியிருக்கும். குறுக்குவழியாகப் போய் அவனுக்கு முன்னால் இறங்கினாலோ, அது அவன் சோற்றில் கைவைத்த மாதிரி. ஆகவே முதலில் வருபவன் ஓடை வாயில் ஒரு சிறுமூங்கில் இலையை இரண்டாக மடித்து, தட்டைக் கல்லுக்கு அடியில் செருகிவிட்டுப் போவான். பின்னால் வருபவன் அதைக் கண்டால் பேசாமல் திரும்பிவிடவேண்டும். கூப்பிட்டுப் பார்ப்பது, எட்டிப் பார்ப்பது, யாரென்று அப்புறமாக விசாரிப்பது, எதுவும் கூடாது. ஐந்து பேரும் இதைக் காப்பாற்றினார்கள். ஜின்பெய் மற்ற நாலு பேரையும்விடக் கொஞ்சம் கூடுதலாகவே காப்பாற்றினான். இரண்டு மணி நேரம் நடந்து போய், இலையைப் பார்த்து, இரண்டு மணி நேரம் திரும்பி நடந்து வந்து, முகம் சுளிக்காமல் விறகு பிளக்கப் போவான்.

"காத்து அடிச்சுக்கிட்டு வந்து போட்ட இலையைப் பாத்தாக்கூட இவன் கும்பிடு போட்டுட்டுத் திரும்பிடுவான்" என்று தோராஜி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான்.

இந்தப் பழக்கம்தான் ஜூன் பதினொன்றாம் தேதி அவனைக் கெடுத்தது.

மசுனோ, மலைக்கணவாய்க்கு அப்பால் இன்னொரு பள்ளத்தாக்கில் பிறந்தவள். புருஷன் போரில் தெற்குத் தீவுகளுக்குப் போன கப்பலோடு போனவன். வந்தது ஒரு காகிதம்தான். இருபத்தொன்பது வயதில் விடுதிச் சமையற்கட்டுக்கு வந்தாள். பின்வாசலில் மீனை வாங்கிக்கொள்வது அவள் பொறுப்பு. இலையை விலக்கி, ஒவ்வொரு மீனின் வயிற்றையும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவாள்.

"இது காலையில பிடிச்சது. இது மத்தியானம். இது..." என்று ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இது உங்க ஜாடை, மீன்காரரே. வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு ஒண்ணுமே சொல்லாம நிக்குது" என்பாள்.

விடுதி விருந்தாளிகளுக்குச் சேவல் அறுக்கிற நாட்களில் கழுத்து இறகுகளைப் பிடுங்கி, கழுவி உலர்த்தி, ஒரு தேயிலை டப்பாவில் சேர்த்துவைத்து அவனிடம் கொடுப்பாள். அவள் அப்பாவும் மீன்காரர்தான். எந்த இறகு தண்ணீரில் விரியும், எது ஊறிப்போய் ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். துருநிற இறகு கிடைத்தால் தனியாகக் காகிதத்தில் மடித்துத் தருவாள். அந்த இறகில் கட்டிய முள்ளை ஜின்பெய் சாதாரணக் குட்டைகளில் வீசமாட்டான்.

பத்து வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டதையெல்லாம் எழுதினால் நாலு பக்கம் வருமோ என்னவோ. ஆனால் ஒவ்வொரு நாளும் ஓடையிலிருந்து இறங்கி வரும்போது, பின்வாசல் புகைப்போக்கி தெரிகிற அந்தத் திருப்பத்தில் அவன் தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டிக்கொள்வான். எதற்கு என்று அவனே கேட்டுக்கொண்டதில்லை.

இந்த வருஷம் ஜூன் மாதம் கேட்டுக்கொண்டான். பத்தாம் தேதி இரவெல்லாம் கேட்டுக்கொண்டு, விடிவதற்குள் ஓடைக்குப் போய், ஒரே அளவாக இரண்டு மீன் பிடித்து, பச்சை இலை விரித்து அடுக்கிக்கொண்டு, காலை ஆறு மணிக்கு விடுதியின் பின்வாசலுக்குப் போனான். சொல்லவேண்டியதை வழியில் ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். சின்ன வாக்கியம்தான்.

சமையற்கட்டை ஒட்டி மசுனோவின் அறை. அதன் படிக்கல்லில் ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது. ஆண்பிள்ளை பூட்ஸ், தோல், மெருகேற்றியது. வந்தவன் கழற்றிப் போட்டபடி கிடக்கவில்லை. போகும்போது காலை நுழைக்கத் தோதாக, நுனி வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தது. அப்படித் திருப்பி வைப்பது வீட்டுப் பெண்ணின் கை.

காலை ஆறு மணி. முதல் பஸ் வருவதற்கே இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ராத்திரி வந்தவன்தான்.

ஜின்பெய் எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிடவில்லை. யாரென்று அப்புறமும் யாரிடமும் விசாரிக்கவில்லை. இரண்டு மீனையும் சமையற்கட்டுக் கல்மேடையில் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தான். அன்று சாயங்காலம் தோராஜியிடம் முட்டி வலி என்று சொன்னான்.

அதற்கப்புறம் இன்றைக்குத்தான் அந்தப் பாதையில் கால் வைக்கிறான். புகைப்போக்கி தெரிகிற திருப்பம் வந்தது. தலைத்துண்டில் கை போயிற்று. அவிழ்க்காமல் கையை இறக்கிக்கொண்டான்.

பின்வாசலில் விடுதியின் சொந்தக்காரி தொகு அம்மா முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தாள். எழுபது வயது. தலையைத் தூக்கிப் பார்த்தவள் கையிலிருந்த முள்ளங்கியைத் தொட்டியிலேயே போட்டாள்.

"யாருப்பா அது? செத்துப்போனவங்க வர்ற பண்டிகை ஆகஸ்ட்லயே முடிஞ்சு போச்சே!"

"தோராஜிக்குக் கால் சுளுக்கு, அம்மா."

"அவனுக்குக் கால் சுளுக்கினாத்தான் உனக்கு முட்டி சரியாகுமா? இது தெரிஞ்சிருந்தா ஜூலையிலயே ஆளை விட்டுத் தள்ளிவிட்டிருப்பேனே." அவள் ஈரக்கையை இடுப்பு முன்துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "மசுனோ, மீன் வந்திருக்கு. மீன்காரரும் கூட வந்திருக்கார்." பிறகு முள்ளங்கிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அங்கே செய்வதற்கு அவளுக்கு வேலை எதுவும் இல்லாத கோழிக்கொட்டகைப் பக்கம் போய்விட்டாள்.

மசுனோ வந்தாள். நாலு மாதத்தில் கொஞ்சம் இளைத்திருந்தாள், அல்லது அவனுக்கு அப்படிப் பட்டது. வணக்கம் சொல்லவில்லை. இலையை விலக்கினாள். முதல் மீனின் வயிற்றை அழுத்தினாள். இரண்டாவதை அழுத்தவில்லை.

"முட்டி எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"இறகு போதுமா இருந்துச்சா?"

"எந்த இறகு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சனிக்கிழமை சனிக்கிழமை தோராஜி அண்ணன்கிட்ட குடுத்து விட்டேனே. பன்னெண்டு தடவை. ஒரு தடவை துருநிற இறகுகூட இருந்துச்சு, காகிதத்துல மடிச்சு."

ஜின்பெய்க்கு இந்தக் கோடை முழுவதும் கண்முன் வந்து நின்றது. தோராஜியின் பறி தினமும் நிறைந்து வந்ததும், தன் கைதான் தளர்ந்துவிட்டது என்று அவன் ராத்திரிகளில் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டதும்.

"எனக்கு வரல" என்றான்.

"ஒண்ணுகூடவா?"

"அவன்கிட்ட யாருக்குன்னு சொன்னீங்களா?"

"‘இதை எடுத்துட்டுப் போங்க’ன்னு சொன்னேன். யாருக்குன்னு வேற சொல்லணுமா? பத்து வருஷமா யாருக்குக் குடுத்தேன்?" அவள் குரல் ஏறி, சட்டென்று தாழ்ந்தது. "வாங்கிட்டுப் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலியே, அவ்வளவு என்ன கோவம்னு நெனைச்சேன். நான் என்ன பண்ணேன்னு ஒவ்வொண்ணா யோசிச்சுப் பாத்தேன். உங்க ஜாடைன்னு மீனைச் சொன்னது மனசுல பட்டுடிச்சோன்னுகூட..."

"அது இல்ல."

"அப்போ என்ன?"

அடுப்பில் ஏதோ கொதித்து மூடி தடதடத்தது. அவள் போய் இறக்கவில்லை.

"ஜூன்ல ஒரு நாள் காலையில வந்தேன்" என்றான் ஜின்பெய். "பூட்ஸ் இருந்துச்சு."

"என்ன பூட்ஸ்?"

"உங்க படிக்கல்லுல. திருப்பி வெச்சிருந்துச்சு. அதான், ஆள் இருக்காங்கன்னு..." அவன் கையால் ஒரு கல்லைத் தூக்கி அடியில் எதையோ செருகுகிற மாதிரி காட்டினான். மீன்காரர் மகளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

மசுனோ முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறி, அவள் முன்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது எங்க அண்ணன், மனுஷா! கென்சாகு அண்ணன். மே மாசம் அண்ணி தவறிட்டாங்க. ரெண்டு குழந்தைங்க, பெரிசுக்கே அஞ்சு வயசு. நவோயெட்சுல நூடுல்ஸ் கடையை வெச்சுக்கிட்டு ஒத்தை ஆளாத் தடுமாறிட்டு, வந்து இருன்னு கூப்பிட வந்தாரு. ராத்திரி கடைசி பஸ்ல வந்து என் அறையிலயே படுத்தாரு. நான் தொகு அம்மாகூடப் படுத்துக்கிட்டேன்."

"அண்ணன்" என்றான் ஜின்பெய்.

"அண்ணன்தான். கூடப்பிறந்த அண்ணன். ஒரு குரல் குடுத்திருந்தா அவரே எழுந்து வந்து உங்களுக்குக் கும்பிடு போட்டிருப்பாரு. கல்மேடையில ரெண்டு மீனு இருந்துச்சே, ஒரே அளவுல, புது இலை போட்டு. அதைப் பாத்ததுமே நான்..." அவள் நிறுத்தினாள். பிறகு மீனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இலையுதிர்காலத்துல பதில் சொல்றேன்னு அண்ணன்கிட்ட சொன்னேன். எதுக்கு அவ்வளவு நாள்னு அவர் கேட்டாரு. சமையக்கட்டை ஒப்படைக்கணும்னு பொய் சொன்னேன். ஜூலை பூரா பின்வாசலைத்தான் பாத்தேன். தோராஜி அண்ணன் வந்தாரு. ஆகஸ்ட்ல பண்டிகை ஆட்டத்துக்காவது வருவீங்கன்னு பாத்தேன். அதுக்கும் தோராஜி அண்ணன்தான் வந்தாரு, குடிச்சிட்டு. மறுநாள் காலையிலேயே அண்ணனுக்கு ‘வரேன்’னு கடுதாசி எழுதிப் போட்டுட்டேன்."

ஜின்பெய்க்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று தெரிந்தது. அந்தச் சின்ன வாக்கியம் இன்னும் உள்ளேதான் இருந்தது. ஆனால் இப்போது அதைச் சொன்னால் அது தாயில்லாத இரண்டு குழந்தைகளின் சோற்றில் கைவைப்பதாக இருக்கும் என்று பட்டது. கடிதம் போய்விட்டது. அங்கே அவளுக்காக ஒரு அறையைப் பெருக்கிவைத்திருப்பார்கள்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

"எனக்கா தெரியாது? எங்கப்பா அதை உங்களைவிடப் பெரிசாக் காப்பாத்தினவரு." மசுனோ பறியைத் தூக்கிக்கொண்டாள். கண்ணோரம் ஈரமாக இருந்தது. குரலில் ஈரம் இல்லை. "ஆனா நான் ஓடை இல்ல, மீன்காரரே. ஒருத்தர் உள்ளே இருக்காருன்னா இன்னொருத்தர் வந்து கதவைத் தட்டக்கூடாதுன்னு இல்ல. தட்டினா, இருக்கறவங்க யாருன்னு நானே வந்து சொல்லியிருப்பேனே. எனக்கும் வாய் இருக்கே."

உள்ளே போய், மீனைக் கொட்டிக் கழுவிய பறியைக் கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள். விரல் பட்டதா இல்லையா என்பதை அவன் வீடு போகும் வழியெல்லாம் யோசித்தான்.

மறுநாள் காலை தோராஜியின் வீட்டுக்குப் போய், கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தான்.

"இறகு எங்கடா?"

"எந்த இறகு?" என்ற தோராஜி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் நகர்ந்தான். "அதுவா. அந்தம்மா குடுத்துச்சு. எனக்குத்தான்னு நெனைச்சேன்டா."

"உனக்கு எதுக்குக் குடுக்கணும்?"

"ஏன், என் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?" பிறகு தோராஜியே குரலைத் தாழ்த்திக்கொண்டான். "என் பொண்டாட்டிகூட அதுக்காக ரெண்டு நாள் என்கூடப் பேசல. அது உனக்கு வந்ததுன்னு தெரிஞ்சிருந்தா எனக்கு அந்தக் கஷ்டமாவது இல்லாம போயிருக்கும்."

ஜின்பெய் அவனை அடிப்பதற்காகத்தான் வந்திருந்தான். அடிக்க முடியவில்லை. கணப்படுப்பின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தான். பூட்ஸ் விஷயத்தை முதல்தடவையாக ஒரு மனிதனிடம் சொன்னான். தோராஜி கேலி செய்வான் என்று எதிர்பார்த்தான். தோராஜி தேநீரை ஊற்றி அவன் பக்கம் தள்ளினான்.

"நாளைக்கு அருவிச் சுமை" என்றான். "இந்த வருஷம் நம்ம ரெண்டு பேர் முறை. என்னால வரமுடியாது. நீ ஒத்தையாத்தான் போகணும்."

செப்டம்பர் முப்பதோடு மீன்பிடிப் பருவம் முடிந்து தூண்டிலை மடக்கவேண்டும். அந்தக் கடைசி நாளில், பிடித்த மீனில் நல்லதாக ஏழெட்டை உயிரோடு மரத்தொட்டியில் வைத்து, முதுகில் சுமந்து, மீன் தானாக ஏறமுடியாத பெரிய அருவிக்கு மேலே கொண்டுபோய் விடுவார்கள். அங்கே அவை பெருகப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். சுமக்கிறவன் அநேகமாக அந்த மீனைப் பிடிக்கப்போவதில்லை. இருந்தாலும் நானமாகியின் மீன்காரர்கள் ஒரு வருடம்கூட அதை விட்டதில்லை. போர் வருடங்களில் கிழவர்கள் சுமந்தார்கள். தொட்டித் தண்ணீர் சூடாவதற்குள் மேலே போய்ச் சேரவேண்டும். ஆகவே விடியற்காலையிலேயே கிளம்பிவிடவேண்டும்.

முப்பதாம் தேதி விடியற்காலை ஜின்பெய் தொட்டியைத் தோளில் மாட்டினான். ஏழு மீன். மூடியின் இடுக்கில் பாசி வைத்து அடைத்தான். பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. வலதுபக்கம் ஏறினால் அருவி. இடதுபக்கம் இறங்கினால் பாலம், பாலத்தடியில் பஸ் நிற்கிற இடம்.

அவன் அங்கே எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. முதுகில் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொள்வது மரத்தின் வழியாக முதுகெலும்பில் தெரிந்தது. பஸ் ஏழரைக்கு என்பது நினைவில் இருந்தது. கடைசியில் கால்தான் தீர்மானித்தது. இடதுபக்கம் இறங்கிற்று.

பாலத்தடியில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். தொகு அம்மா, விடுதி வேலைக்காரிகள் இரண்டு பேர், கம்பை ஊன்றிக்கொண்டு தோராஜி, பக்கத்தில் அவன் பெண்டாட்டி. மசுனோ நீலப் பயணக் கிமோனோவில், காலடியில் துணிமூட்டையும் ஒரு பிரம்புப் பெட்டியுமாக நின்றாள். பஸ் ஏற்கெனவே வந்து, டிரைவர் என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

ஜின்பெய் தொட்டியோடு நேராக அவளிடம் போனான். முதுகிலிருந்து தண்ணீர் சொட்டிக் குதிகாலில் வழிந்தது.

"அன்னிக்கு வந்தது" என்று ஆரம்பித்தான். வேலைக்காரி ஒருத்தி இன்னொருத்தியைக் கிள்ளினாள். "ஜூன்ல வந்தது, போகாதீங்கன்னு சொல்ல இல்ல. நீங்க போறதே அப்போ எனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்கு வந்துடுங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

தொட்டிக்குள் ஒரு மீன் துள்ளியது. யாரும் சிரிக்கவில்லை.

மசுனோ அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது அங்கேயே நிற்கமுடியாமல் போனதையும் அவன் பார்த்தான்.

"இப்போ சொல்றீங்களே" என்றாள் மெதுவாக. "வரேன்னு அந்தக் குழந்தைங்களுக்கு எழுதியிருக்கேன். பெரிசு, எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டு, பதில் போட்டிருக்கு. ‘அத்தை எப்போ வருவே’ன்னு கோணல் மாணலா. அதுங்ககிட்ட போய் நான் என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லவேண்டாம். போங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

டிரைவர் தண்ணீர்ப் பாத்திரத்தை உள்ளே போட்டான். "ஏறறவங்க ஏறுங்க. அறுவடை ஆளுங்க கீழே காத்துட்டு இருப்பாங்க." மசுனோ தொகு அம்மாவுக்கு இடுப்பு வளைந்து வணக்கம் சொன்னாள், வேலைக்காரிகளுக்குச் சொன்னாள், தோராஜிக்குச் சொன்னாள். தோராஜி கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜின்பெய்க்கு அவள் வணக்கம் சொல்லவில்லை. படியில் கால் வைத்தவள் திரும்பி ஒரு நொடி அப்படியே நின்றாள். யாரோ கூப்பிட்டது காதில் சரியாக விழாதவளைப் போல. பிறகு உள்ளே போனாள். பஸ் பாலத்தைத் தாண்டி, அறுத்துக் காயப்போட்ட நெற்கதிர்களுக்கு நடுவே போய், திருப்பத்தில் மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் மலையில் பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"சரி, வா" என்றான் தோராஜி, இதமாகவே. "வெயில் ஏறுது. மீன் தாங்காது. அருவிக்குக் கிளம்பு."

ஜின்பெய் தலையசைத்தான். தோள்பட்டையிலிருந்து வாரை இறக்கினான். தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய், பாலத்தடியில் ஊற்றுநீர் விழுகிற கல்தொட்டிக்குள் முக்கால்வாசி முழுகும்படி வைத்தான். மூடியைக் கொஞ்சம் திறந்து, ஊற்றுநீர் உள்ளே விழுகிறதா என்று பார்த்தான். ஏழும் அசைந்துகொண்டிருந்தன.

பிறகு பாலத்தின்மேல் ஏறி நடந்தான். எல்லாரும் அவன் பாலத்தின் நடுவில் நின்று பஸ் போன திசையைப் பார்ப்பான், பார்த்துவிட்டுத் திரும்புவான் என்று நினைத்தார்கள். அவன் நிற்கவில்லை.

"டேய், எங்கடா போறே?"

ஜின்பெய் பாலத்தின் மறுகோடியை எட்டிவிட்டிருந்தான்.

"டேய் ஜின்பெய்! இந்த மீனை யாருடா தூக்கறது?"

"நீயே தூக்கு" என்ற குரல் பாலத்துக்கு அந்தப்பக்கத்திலிருந்து வந்தது.

"நொண்டிக்காலோடயா? அருவிக்கா?"

தோராஜியின் பெண்டாட்டி ஏற்கெனவே உடுப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்தொட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். "நான் தூக்கறேன். நீங்க கம்பை ஊனிக்கிட்டு வழி சொன்னாப் போதும். அப்படியே அந்த இறகு விவகாரத்தையும் வழியில பேசிக்கலாம்." தொகு அம்மா வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள். "கீழூர் ரயிலடி பதினஞ்சு மைல். மசுனோ ஏறுற ரயில் ரெண்டு பத்துக்கு. மலை ஏறுற கால், போய்ச் சேரும்" என்றாள், யாரும் கேட்காமலே.

ஜின்பெய்க்கு ரயில் நேரம் தெரியாது. கடலோரத்து நவோயெட்சுவில் நூடுல்ஸ் கடையில் தன்னைப்போன்ற ஒருவனுக்கு என்ன வேலை இருக்கும் என்று தெரியாது. கடல் மீனை அவன் உப்புப் போட்டுக் காயவைத்த பிறகுதான் பார்த்திருக்கிறான். வைக்கோல் செருப்பு பத்து மைலில் தேய்ந்துவிடும் என்று மட்டும் தெரியும். இடுப்பில் இன்னொரு ஜோடி கட்டியிருந்தான். அது அருவிப் பாறைக்காகக் கட்டியது. பத்து வருடமும் நாலு மாதமும் அவனுக்குள் இருந்ததெல்லாம் இப்போது வெளியே, சாலையில், புழுதியாக அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பதாக இருந்தது.

பள்ளத்தாக்கின் கடைசி ஓடையையும் தாண்டியபோது, ரயிலடியில் அவளைக் கண்டால் எப்படிக் கூப்பிடுவது என்ற யோசனை வந்தது. இத்தனை வருடமும் ‘மசுனோம்மா’தான், அதையும் பக்கத்தில் நின்று வாய்க்குள்ளேயே சொன்னதுதான். ரயிலடியில் கூட்டம் இருக்கும். அங்கே அது எடுபடாது. "மசுனோ" என்று சொல்லிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பார்த்தான். மூன்றாவது தடவை, அவனே எதிர்பாராத சத்தத்தில் வந்துவிட்டது.

சாலையோர வயலில் குனிந்து அறுத்துக்கொண்டிருந்த ஒருத்தி அரிவாளோடு நிமிர்ந்தாள்.

"யாரைங்க கூப்பிடறீங்க?"

"பஸ்ல போறவங்களை."

"பஸ் போய் ரொம்ப நேரமாச்சே!"

"தெரியும்" என்று சொல்லிக்கொண்டே அவன் நடந்தான்.